நம் இலைச் சோறு வந்த வழி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வாண்டு விழாவில் ஒரு பொருள்பற்றிப் பேசுதல் வேண்டுமென்று செயலாளரவர்கள் எமக்குக் கட்டளையிட்டபொழுது, யாம் தமிழாசிரியராதலின் ஓர் இலக்கியப் பொருளையே எடுத்துக்கொள்வோமென்று அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். கல்வி நிதி, மாணவர் விடுதி, திருமணச் செலவைச் சுருக்குதல் ஆகியவை பற்றி இம்மேடையிற் பன்முறை பேசப்பெற்றுள்ளது. ஆயின், காலை, நண்பகல், இரவு என்னும் மூவேளையும் நம்மை விடாது தொடர்வதாகிய ஒரு பொருள்பற்றி ஈண்டு எவரும் பேச யாம் கேட்டதில்லை. அஃது உணவு. அதனைச் சமைக்கும் வகையை நம் தாய்மார் அறிவர். உண்ணும் வகையை நாம் எல்லோரும் நன்கறிவோம். அது வரும் வழியை அறிந்தார் நம்முள் எத்துணையர்? இன்னும் சிறிது நேரத்திற் பின்புறத்துப் பந்தலில் நமக்கு இலை போடப்பெறும். அவ்விலையில் வந்து விழும் ஒவ்வொரு பண்டமும் எந்நிலத்தில், எந்நீரால், எவர் கையால் விளைந்தது என்பதே யாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள். பசித்திருப்பாரிடம் இதனைப் பேசுதல் அவர்தம் பொறுமையைச் சோதிப்பதாகும். எனினும், பசித்தார்க்கே சோற்றின் அருமை தெளிவாக விளங்குமாதலின், துணிந்து தொடங்குகின்றோம்.

நிலமும் உணவும்

தொல்காப்பியனார் ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தெய்வத்தை முதற்கண் வைத்து, அதனை அடுத்து உணவை வைத்தார். விலங்கும் மரமும் பறவையும் பறையும் தொழிலும் யாழும் அதன் பின்னரே வருகின்றன. உரையாசிரியர்கள் அதனை விரித்து, குறிஞ்சிக்குத் தினையும் மலைநெல்லும் மூங்கிலரிசியும், முல்லைக்கு வரகும் சாமையும், மருதத்திற்குச் செந்நெல்லும் வெண்ணெல்லும் என்று வகுத்தனர். நெய்தல் நிலத்தார்க்கு உணவு யாது? உப்பும் மீனும் விற்றுப் பெற்ற பண்டமே அவர்க்கு உணவென்றனர்.

இப்பகுப்பிலிருந்து நாம் கொள்ளத்தக்க உண்மைகள் இரண்டு. உணவென்பது நிலத்தின் இயல்பை ஒட்டியது. மலைக்கு ஏற்றது வயலுக்கு ஏலாது, வயலுக்கு ஏற்றது மேட்டுக்கு ஏலாது என்பது ஒன்று. பிற நிலத்து விளைவை மாற்றிப் பெறுதல் குற்றமன்று என்பது மற்றொன்று. கடற்கரையார் உப்பைக் கொடுத்து நெல்லைப் பெற்றதை இழிவென்று எவரும் கூறவில்லை. ஆயின் அக்காலத்தில் உப்புக் கொண்டவனுக்கு அதனை விளைத்தவன் எத்திசையான் என்பது தெரியும்; நெல் கொண்டவளுக்கும் அவ்வாறே. கொடுப்பானும் கொள்வானும் ஒருவரையொருவர் கண்டனர். இன்று நாம் இழந்தது அந்தக் காட்சியையே. புறநானூற்றின் 18ஆம் பாட்டிற் குடபுலவியனார் என்னும் புலவர், நிலைத்த புகழை விரும்பும் பாண்டியனுக்கு நாட்டில் நீர்நிலைகளைப் பெருக்குமாறு அறிவுறுத்துகின்றார். போரை விரும்பிய அரசனிடத்துச் சோற்றையும் நீரையும் பேசிய அப்புலவர் வழியில் யாமும் இங்கே சில சொல்லத் துணிந்தோம்.

ஒரு மாணவன் எழுதியது

இவ்வாராய்ச்சியில் எமக்கு விருப்பம் எழுந்தவாற்றைச் சுருங்கச் சொல்லுகின்றோம். எட்டாம் வகுப்பு மாணவர்க்குக் கட்டுரைப் பயிற்சியாக, முதல்நாள் தாம் உண்ட பண்டங்களை எழுதி, ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்பதையும் குறிக்குமாறு பணித்தோம். பெரும்பாலார் 'கடையிலிருந்து' என்று எழுதினர். சிலர் 'ரேஷன் கடையிலிருந்து' என்றனர். ஒரு மாணவன் மட்டும், 'எங்கள் வயலில் நெல் விளைகின்றது. நாங்கள் உண்ணும் அரிசியைக் கடையில் வாங்குகின்றோம்' என்று எழுதியிருந்தான். அவன் பிழையாக எழுதிவிட்டான் என்று உடன் பயில்வோர் நகைத்தனர். அவன் எழுதியது பிழையன்று; காவிரிக் கழனிகளிற் பல்லாயிரம் வீடுகளின் உண்மை அதுவே.

காரணம் என்னவெனின், அறுவடையான நெல்லை உலர்த்தக் களமில்லை. சேர்த்து வைக்கக் குதிரில்லை. ஒரு மூட்டை இரண்டு மூட்டையை அரைத்துத் தரும் சிற்றாலைகள் பல ஊர்களில் மறைந்தன. கடன் கொடுத்தவர் அறுப்பு முடியுமுன்னரே வாயிலில் நிற்கின்றார். ஆகவே, நெல் களத்திலிருந்தே அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்திற்குப் போகின்றது. 1972ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் அதனைக் கொண்டு, அரைத்து, நாடெங்கும் உள்ள நியாயவிலைக் கடைகட்கும் பள்ளிச் சத்துணவுக் கூடங்கட்கும் அனுப்புகின்றது. இஃது உயர்ந்த ஏற்பாடேயாகும். 2011ஆம் ஆண்டு ஜூன் முதல் அரிசி விலையின்றி வழங்கப்பெறுகின்றது. இதனால் எரியும் அடுப்புகள் பல. அவ்வரிசியை எள்ளிப் பேசுதல் அறமாகாது. யாம் கூற விரும்புவது வேறு. விளைத்தவன் தன் விளைவை உண்ணாமல், எங்கோ விளைந்ததை விலை கொடுத்து வாங்குகின்ற நிலை எவ்வாறு வந்தது என்று அம்மாணவன் கேட்டான். அதற்கு விடை தேடப் புகுந்தபொழுதே நம் இலையில் உள்ள ஒவ்வொரு பண்டத்தையும் ஆராயும் ஆவல் எமக்கு உண்டாயிற்று.

இலையைச் சுற்றி ஒரு பயணம்

முதலிற் சோற்றையே பார்ப்போம். விருந்துகளில் நாம் விரும்பி உண்பது பொன்னி அரிசி. பொன்னி என்பது காவிரியின் திருப்பெயர். ஆதலின் இந்நெல் கரிகாலன் காலந்தொட்டு இங்கு விளைந்ததென்று கருதுவாரும் உளர். உண்மை வேறு. மலேசிய நாட்டில் உருவாக்கப்பெற்ற மசூரி என்னும் நெல்லிலிருந்து தேர்ந்து, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1986ஆம் ஆண்டில் வெளியிட்டதே வெள்ளைப் பொன்னி. இன்று கடையில் நாம் வாங்கும் பொன்னி மூட்டைகள் பலவும் கருநாடகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வருகின்றன. பெயர் நம் ஆற்றினது. வித்தின் பிறப்புக் கடல் கடந்தது. விளைந்த வயல் அண்டை நாட்டது.

அடுத்துச் சாம்பார். அதன் துவரம்பருப்பு நம் நாட்டிலும் விளைகின்றதெனினும் நமக்குப் போதாமையின், ஆப்பிரிக்காவின் மொசாம்பிக், தான்சானியா, மலாவி ஆகிய நாடுகளிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலேறி வருகின்றது. வடைக்கும் அப்பளத்திற்கும் இட்டலிக்கும் வேண்டிய உளுந்திற் பெரும்பகுதி அயல்நாட்டிலிருந்து வருமாயின் அது பர்மாவிலிருந்தே வருவது. சாம்பாரில் மணக்கும் பெருங்காயமோ ஆப்கானிஸ்தானம், ஈரான், உஸ்பெகிஸ்தானம் ஆகிய நாடுகளில் வளரும் ஒரு செடியின் பால். இந்நாட்டில் அதனைப் பயிரிடும் முயற்சியே 2020ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில்தான் இமயமலைச் சாரலிலுள்ள லாஹௌல் பள்ளத்தாக்கில் தொடங்கிற்று.

மிளகாயின் வரலாறு அதன் பெயரிலேயே உள்ளது. நம் முன்னோர் காரத்திற்கு மிளகையே கொண்டனர். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுவந்த புதுக்காய்க்கு, மிளகுபோல் உறைக்கும் காய் என்று பொருள்பட மிளகாய் எனப் பெயரிட்டனர். தக்காளியும் உருளைக்கிழங்கும் நிலக்கடலையும் கொய்யாவும் முந்திரிக் கொட்டையும் அக்கண்டத்தனவே. பறங்கிக்காய் தான் வந்த வழியைத் தன் பெயரிலேயே சுமந்து திரிகின்றது. பாயசத்துச் சவ்வரிசி 'சாவக அரிசி' யாதலின், கிழக்குத் தீவுகளின் பெயரைத் தாங்கியது. அங்கே அது ஒருவகைப் பனையின் சோற்றிலிருந்து எடுக்கப்பெற்றது. சேலத்தில் இப்பொழுது அதனை மரவள்ளிக் கிழங்கினாற் செய்கின்றனர், அக்கிழங்கும் தென்னமெரிக்காவினது. அப்பளம் பொரித்த எண்ணெய் பாமாயிலாயின் அது மலேசியா, இந்தோனேசியா நாடுகளின் விளைவு. நம் நாட்டார்க்கு வேண்டிய சமையலெண்ணெயிற் பாதிக்கு மேல் அயல்நாட்டினின்றும் வருவதே.

இவற்றையெல்லாம் கூறியதனால், அயல்நாட்டுப் பண்டங்களை விலக்குக என்று யாம் சொல்வதாக எவரும் கருதற்க. மிளகாயின்றி நம் வீட்டுச் சமையல் ஏது? 400 ஆண்டுகட்கு மேலாக நம் கொல்லையில் வளர்ந்த செடி நமக்கு உறவாகிவிட்டது. வித்து வெளியிலிருந்து வந்து நம் மண்ணில் வேரூன்றுதல் வளர்ச்சி. ஆண்டுதோறும் பண்டமே வெளியிலிருந்து வந்தால்தான் அடுப்பெரியும் என்னும் நிலை சார்பு. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை நாம் உணர்தல் வேண்டும்.

சார்பின் இடர் யாதென்பதை நம் பாட்டனார்கள் நன்கறிவர். சென்னை மாகாணத்திற்குப் பர்மா அரிசி பல்லாண்டுகளாகக் கப்பல் கப்பலாக வந்துகொண்டிருந்தது. 1942ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இரங்கோன் நகரம் ஜப்பானியர் கையில் வீழ்ந்ததும் அவ்வரிசி நின்றது. பின்னர்ப் பங்கீட்டு முறையும், நீண்ட வரிசைகளும், அரை வயிற்றுக் கஞ்சியும் வந்தன. மறு ஆண்டில் வங்காளத்தை வாட்டிய பஞ்சத்திற்கு அந்நிறுத்தம் ஒன்றே காரணமன்றாயினும், காரணங்களுள் அதுவும் ஒன்று. அது பழங்கதை என்று தள்ளுதற்கில்லை. 2022ஆம் ஆண்டில் உக்ரைன் நாட்டிற் போர் மூண்டதும் நம்மூர் மளிகைக் கடையிற் சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறிற்று. அவ்வாண்டு ஏப்பிரல் இறுதியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைச் சில வாரம் நிறுத்திவைத்தது. எங்கோ வெடித்த குண்டு நம் வாணலியில் வந்து விழுந்தது.

நெல்லின் கதை

இனி நம் சொந்த வயலுக்கு வருவோம். 1960ஆம் ஆண்டுகளின் நடுவில் நாட்டில் உணவுத் தட்டுப்பாடு மிகுந்திருந்தது; அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்நோக்கி இருந்த காலம் அது. அந்நாளில் ஆடுதுறை ஆராய்ச்சிப் பண்ணையினின்றும் ஆடுதுறை 27 என்னும் நெல் வந்தது. 1966ஆம் ஆண்டிற் பிலிப்பைன்ஸ் தீவிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தார் ஐ.ஆர்.8 என்னும் நெல்லை வெளியிட்டனர். இந்தோனேசியாவின் பேட்டா என்னும் உயர்ந்த நெல்லையும் தைவான் தீவின் குட்டை நெல் ஒன்றையும் சேர்த்துப் பெற்றது அது. பழைய சம்பா உரமிட்டால் உயர்ந்து வளர்ந்து காற்றிற் சாயும், ஐ.ஆர்.8 குட்டையாதலின் எத்துணை உரமிடினும் சாயாமல் நின்று, அவ்வுரத்தையெல்லாம் மணியாக்கும். நாளும் குறைவு. ஆகவே விளைச்சல் பெருகிற்று. அதனாற் பட்டினி தவிர்ந்தது என்பதை மறைத்துப் பேசுதல் நன்றியின்மையாகும்.

ஆயின், அதற்கு ஈடாகக் கொடுத்தது யாதென்பதையும் கணக்கிடுதல் வேண்டும். குட்டைப் பயிருக்கு வைக்கோல் குறைவு. வைக்கோல் குறைந்தமை மாடு குறைதற்கு ஒரு காரணமாயிற்று. மாடு குறையவே தொழுவுரம் குறைந்தது. தொழுவுரம் குறையவே மூட்டை உரம் மேலும் வேண்டியதாயிற்று. அம்மூட்டை உரம் எங்கிருந்து வருகின்றது? யூரியா எரிவாயுவினின்றும் செய்யப்பெறுவது. பொட்டாஷ் உரம் ஏறக்குறைய முழுதும் அயல்நாட்டினின்றும் வருவது. எனவே, நம்மூரில் விளைந்த நெல்லைக்கூட முற்றும் நம்மூர் நெல் என்று கூறுதற்கில்லை. கும்பகோணத்திற் பிறந்து, பசுமைப் புரட்சியின் தந்தை என்று போற்றப்பெற்று, 2023ஆம் ஆண்டில் மறைந்த எம்.எஸ். சுவாமிநாதன் அவர்களே, மண்வளத்தைப் பேணாமலும் பலவகைப் பயிரையும் விட்டு ஒன்றிரண்டையே பற்றிக்கொண்டும் செய்யும் வேளாண்மை பிற்காலத்திற் கேடு தரும் என்று 1968ஆம் ஆண்டிலேயே அறிவியல் மாநாட்டில் எச்சரித்தார்.

இழந்தவற்றுட் பெரியது வித்து. மாப்பிள்ளைச் சம்பா, கருங்குறுவை, கிச்சிலிச் சம்பா, சீரகச் சம்பா, பூங்கார், கவுனி, குடவாழை, குழியடிச்சான், காட்டுயானம் என்னும் பெயர்களைக் கேளுங்கள். ஒவ்வொரு பெயரின் பின்னும் ஒரு நிலத்தைப் பற்றிய அறிவு நிற்கின்றது. குழியடிச்சான் கடலோரத்து உவர் நிலத்தைத் தாங்கும். காட்டுயானம் ஆளுயரத்திற்கு மேல் வளர்ந்து வெள்ளத்தில் தலைநிமிர்ந்து நிற்கும். பூங்கார் குறுகிய நாளில் விளையும். தொல்காப்பியனார் நிலத்திற்கு ஓர் உணவு வகுத்தார். நம் உழவர் மருதத்துள்ளும் மேடு, பள்ளம், உவர், களர் என்று பகுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நெல் வகுத்தனர். நூல் எழுதாத புலவர் அவர்.

அவ்வித்துகளை மீட்டோரையும் நாம் நினைத்தல் வேண்டும். தஞ்சை மாவட்டத்து இளங்காட்டிற் பிறந்து, அரசின் ஆராய்ச்சிப் பண்ணைப் பணியைத் துறந்து, ஊர் ஊராக நடந்து இயற்கை வேளாண்மையை எடுத்துரைத்த கோ. நம்மாழ்வார் 2013ஆம் ஆண்டு டிசம்பர் 30 அன்று காலமானார். அவர் வழிவந்த நெல் ஜெயராமன், திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் 2006ஆம் ஆண்டு முதல் நெல் திருவிழா நடத்தினார். 2 கிலோ வித்துப் பெற்றுச் செல்லும் உழவர் மறு ஆண்டில் 4 கிலோவாகத் திருப்பித் தருதல் வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. இவ்வாறு 170க்கு மேற்பட்ட நெல்வகைகளை அவர் மீட்டார். 2018ஆம் ஆண்டு டிசம்பர் 6 அன்று அவரும் மறைந்தார். பொருளைக் கடனாகக் கொடுத்து வட்டியைப் பெருக்குவாரை நாம் அறிவோம். வித்தைக் கடனாகக் கொடுத்து வித்தைப் பெருக்கியவர் அவர்.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் கூறுதல் எம் கடமை. பழைய அரிசி எல்லா நோயையும் தீர்க்குமென்று விளம்பரம் செய்வார் பெருகிவிட்டனர். அரிசி அரிசியே, மருந்தன்று. நீரிழிவுடையார் கவுனியையும் அளவறிந்தே உண்ணுதல் வேண்டும். பழைய வித்தைக் காப்பதற்கு உண்மையான காரணங்கள் பலவிருக்கப் பொய்யான காரணம் ஒன்று வேண்டுவதில்லை.

நீரும் சிறுதானியமும்

ஒரு கிலோ நெல் விளைதற்கு மழைநீரும் பாய்ச்சும் நீருமாகச் சராசரி 2500 லிட்டர் செல்லுமென்று நெல் ஆராய்ச்சியாளர் கணக்கிட்டுள்ளனர். இந்நீர் நமக்கு எளிதில் வருவதன்று. காவிரி வழக்கிற் பல்லாண்டு வாதிட்டபின், 2018ஆம் ஆண்டு பிப்ரவரியில் உச்சநீதிமன்றம், கருநாடகம் ஆண்டுதோறும் நமக்கு விடவேண்டிய நீரை 177.25 டி.எம்.சி. என்று வரையறுத்தது. மழை பொய்த்த ஆண்டில் அவ்வரையறையும் ஏட்டளவில் நின்றுவிடுகின்றது. 2023ஆம் ஆண்டில் மேட்டூர் அணை ஜூன் 12 அன்று முறைப்படி திறக்கப்பெற்றும், நீர் வற்றியமையால் அக்டோபரில் மூடப்பெற்றது. கடைமடையிற் குறுவை கருகியதை நம்மவர் பலர் கண்ணாரக் கண்டனர்.

வரகும் சாமையும் தினையும் குதிரைவாலியும் கம்பும் கேழ்வரகும் இவ்வளவு நீர் கேளா. மானாவாரி நிலத்தில், பெய்த மழையைக் கொண்டே விளைவன. இவை ஒருகாலத்து நம் பாட்டிமார் அன்றாடம் ஆக்கியவை. நெற்சோறு திருநாளுக்கு உரியதாக இருந்தது. பின்னர் நெற்சோறு உண்பது செல்வத்தின் அடையாளமாயிற்று. களியும் கூழும் வறுமையின் அடையாளமாயின. நம் சமூகத்தார் நகரேறிப் பணம் பெற்றபொழுது முதலில் விட்டது கூழையே. 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டு என்று ஐக்கிய நாடுகள் அவை கொண்டாடிய பின்னர், அக்கூழே பெரிய உணவுச்சாலைகளிற் கிண்ணத்தில் வைத்து விற்கப்பெறுகின்றது. ஏழை உண்டபோது இழிவென்று ஒதுக்கியதைச் செல்வர் உண்ணும்போது சிறப்பென்று விலையேற்றுகின்றோம்.

எவர் கையால் விளைந்தது?

நிலத்தையும் நீரையும் வித்தையும் கூறினோம். எஞ்சியது கை. இதனைக் கூறுவது எமக்கு எளிதன்று. உங்கட்குக் கேட்பதும் எளிதாகாது. எனினும் கூறாது விடுவோமாயின் இதுவரை கூறியதெல்லாம் அரைகுறையாய்விடும்.

நாம் உழவர் குடியென்று இம்மேடையிற் பெருமையாகப் பேசுகின்றோம். நம் முன்னோர் மேழி பிடித்தது உண்மையே. ஆயினும் நம் நிலங்களில் நாற்றுப் பறித்தவரும், குனிந்து நட்டவரும், களையெடுத்தவரும், கதிரறுத்தவரும் பெரும்பாலும் நம் சமூகத்தாரல்லர். சேரிகளிலிருந்து விடியுமுன் வந்த ஆடவரும் மகளிருமே அவர். அவர் நட்ட நெல்லை நாம் உண்டோம். அவரை நாம் எங்கே உட்காரவைத்து உண்பித்தோம்? பல ஊர்களிற் கொல்லைப்புறத்தில், பந்தியெல்லாம் முடிந்த பின்னர். நெல்லின் மேல் அவர் கைபட்டதைத் தீட்டென்று எவரும் சொல்லவில்லை; அந்நெல் சோறாகி இலையில் விழுந்தபின் அருகே அவர் அமர்வதையே தீட்டென்றனர். இதில் முரண்பாடு உண்டா இல்லையா என்பதை நீங்களே சிந்தியுங்கள்.

1968ஆம் ஆண்டு டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணி என்னும் ஊரில், நெற்கூலியை உயர்த்திக் கேட்டதனால் எழுந்த பகையில், ஒரு குடிசைக்குள் 44 உயிர்கள் எரிந்தன. பெண்டிரும் குழந்தைகளுமே மிகுதி. அவர்கள் அனைவரும் நெல் விளைத்த குடும்பத்தினர். அதன் பின்னரே, 1969ஆம் ஆண்டில், கழனித் தொழிலாளர்க்கு நியாயக் கூலி வகுக்கும் சட்டம் வந்தது. சோற்றின் வரலாற்றை எழுதுவோர் இவ்வேட்டைக் கிழித்துவிட்டு எழுதலாகாது.

இன்றோ, அக்குடும்பத்துப் பிள்ளைகள் படித்து வேறு தொழிலுக்குச் செல்கின்றனர்; செல்லுதல் நன்றே. அவர் விட்ட இடத்திற்கு வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தோர் நம் கழனிகளில் நாற்று நடுகின்றனர். மொழி தெரியாத ஊரில், வெயிலிற் குனிந்து, ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி நடுகின்றனர். நம் குழந்தைகட்கு அவர் பெயர் தெரியாது. வயலும் நமக்குத் தூரமாயிற்று. வயலில் நிற்பவரும் நமக்குத் தூரமாயினர். உணவு வந்த வழியை அறிதல் என்பது வித்தின் பெயரை அறிதலோடு முடிவதன்று. நட்டவர் பெயரை அறிதலும் அதனுள் அடங்கும்.

செய்யத்தக்கன

இவ்வளவும் கேட்டபின், 'யாம் என் செய்வோம்?' என்று நீங்கள் வினவுவது இயல்பே. பெரிய காரியங்கள் அரசினால் ஆகவேண்டியவை. இச்சங்கத்தினால் ஆகக்கூடிய சிலவற்றை மட்டும் பெரியோர் முன் வைக்கின்றோம்.

முதலாவது, நம் மாணவர் விடுதிக்கு ஆண்டுதோறும் வேண்டிய அரிசியிற் பாதியையாவது, சுற்றுப்புறத்து உழவரிடம் நெல்லாகவே வாங்கி வைத்து அரைத்துக்கொள்ளலாம். விதைப்பிற்கு முன்னரே விலை பேசி, முன்பணமும் கொடுத்தால், உழவர் கடனுக்கு அஞ்சிக் களத்திலேயே விற்கவேண்டுவதில்லை. பழைய நெல்வகை ஏக்கருக்குக் குறைவாகவே விளையும். ஆதலின் விலை சற்று மிகும். அம்மிகுதியை விழாப் பந்தலின் மின்விளக்குச் செலவிற் குறைத்துக்கொள்ளலாம் என்பது எம் கருத்து. வாங்கும் உழவர் நம் சமூகத்தாராகவே இருத்தல் வேண்டுமென்னும் நிபந்தனை கூடாது. நெல்லுக்குச் சாதியில்லை.

இரண்டாவது, விடுதியில் வாரத்தில் இருவேளை வரகோ சாமையோ கேழ்வரகோ ஆக்குதல். இளைஞர் முதலில் முகம் சுளிப்பர். ஆக்குவோர் கைப்பக்குவம் அறிந்து ஆக்குவாராயின் சுளிப்பு நீங்கும். இதில் வழிகாட்ட வல்லார் நம் மூதாட்டியரே. அவர்தம் அறிவு அவரோடு மறையுமுன் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, உளுந்து, பயறு, எள், நிலக்கடலை இவற்றைச் சம்பா அறுவடைக்குப் பின் தரிசாய்க் கிடக்கும் வயல்களில் விதைப்பதற்கு நிலமுடைய உறுப்பினர் முன்வருதல். ஈரங்காயுமுன் உளுந்து தெளிப்பது நம் கழனிகளின் பழைய வழக்கமே. பர்மாவை எதிர்நோக்கும் பண்டத்திற் சிறு பங்கேனும் நம் வரப்பிற்குள் விளையும். மண்ணும் வளம் பெறும்.

நான்காவது, ஒவ்வொரு வீட்டிலும் குழந்தைகளைக் கொண்டு ஒருநாள் உணவின் கணக்கை எழுதச் செய்தல். எப்பண்டம், எவ்வூர், எந்நாடு என்று எழுதட்டும். தெரியாத இடத்தை வெற்றிடமாக விடட்டும். கடைக்காரரைக் கேட்டு அவ்வெற்றிடத்தை நிரப்பட்டும். பூகோளமும் வரலாறும் கணக்கும் இதனைவிட இனிதாகக் கற்பிக்கும் பாடம் ஒன்றை யாம் கண்டிலோம்.

ஐந்தாவது, எல்லாவற்றினும் எளியதும், எல்லாவற்றினும் அரியதும். அடுத்த ஆண்டு விழாவில், விடுதிக்கு நெல் விளைத்த உழவரையும், அவ்வயலில் நட்டு அறுத்த ஆடவர் மகளிரையும் குடும்பத்தோடு அழைத்து, முதற்பந்தியில், நமக்கு அருகே, அதே இலையிட்டு அமர்த்துதல். வடநாட்டிலிருந்து வந்து நட்டவர் ஊரிலிருந்தால் அவரையும் அழைத்தல். செலவு பத்து இருபது இலைகளே. இதற்குச் சிலர் உடன்படமாட்டார் என்பதை அறிவோம். திருவள்ளுவர் உழவு என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அதனை நம் பிள்ளைகட்கு மனப்பாடம் செய்விக்கின்றோம். பேச்சுப் போட்டியிற் பரிசும் கொடுக்கின்றோம். உழுதவனோடு ஒரு பந்தியில் உண்ண மனமில்லையேல் அவ்வதிகாரத்தை ஓதி என் பயன்?

பெரியோர்களே! 'இவ்வாறெல்லாம் ஆராய்ந்துகொண்டிருந்தால் உண்பது எப்பொழுது?' என்று நகையாடுவாரும் இருக்கலாம். உண்பதை ஒழித்து ஆராயுமாறு யாம் சொல்லவில்லை. உண்ணும்போது ஒரு கணம் எண்ணுக என்றே சொல்லுகின்றோம். எண்ணுகின்றவன் இலையிற் சோற்றை எறியான். விளைத்தவனோடு அரையணாவுக்கு வாதாடிப் பெரிய கடையிற் கேட்ட விலையைக் கொடுத்துவரான். ஏரியைத் தூர்த்து மனையாக்க உடன்படான். எண்ணாதவர்க்கு இவையனைத்தும் எளிதில் ஆகும்.

இச்சங்கம் நம் பிள்ளைகட்குக் கல்வி கொடுத்தது. பலர்க்கு வேலை பெறுதற்கு வழி காட்டிற்று. அப்பிள்ளைகளுட் பலர் இன்று மண்ணை மிதியாத வாழ்வினர். அவர்தம் மக்கள், நெல் மரத்திற் காய்க்குமா செடியிற் காய்க்குமா என்று கேட்கும் நிலை வருமுன், ஒரு முறையேனும் அவர்களை ஊருக்கு அழைத்து வந்து, நடவு நாளில் வரப்பில் நிறுத்திக் காட்டுங்கள். கூடுமாயிற் சேற்றில் இறக்கிவிடுங்கள்.

யாம் கூறியவற்றுட் கொள்ளத்தக்கன உளவாயின் கொள்க. அடுத்த செயற்குழுவில் இவ்வைந்தனுள் இரண்டையேனும் தீர்மானமாக எடுத்துக்கொள்ளுமாறு தலைவரவர்களைப் பணிவுடன் வேண்டுகின்றோம்.